ஒரு சங்கிலி தூரம்

சர்வேயருக்கும் அவரை வேவு பார்க்க வந்தவருக்கும் நடுவில் இருபது வருஷமும் சரியாக நூறடி இருந்தது. தொண்ணூற்றொன்பதரை ஆனதில்லை, நூற்றொன்றும் ஆனதில்லை. ஒருவர் மற்றவரை நோக்கி நடந்தாலும் நூறடி, ஓடினாலும் நூறடி. நகரசபையின் சாலைப் பிரிவு ஆட்கள் மழைக்காலத்தில் ஒரு தடவை, குளிரில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை இரும்பு டேப் பிடித்து அளந்தார்கள். வெயிலுக்கு இரும்பு நீளுமே என்று அதையும் கழித்துப் பார்த்துவிட்டு, நூறுதான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் காகிதம் நகரசபையில் இன்னும் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் போய்ப் பார்க்கலாம், கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறார்கள்.

சர்வேயர் இந்த நகரத்துக்காரர் இல்லை. தன் நாட்டில் இருபது வருஷம் நிலம் அளந்தவர். அவர் மையால் எழுதிய அளவு எதுவும் மாறியதில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆறு ஒரு பக்கம் வயலை அரித்துத் தின்றால், தின்ற அளவு மண் மறுபக்கம் வந்து சேரும், அவர் எழுதிய கணக்குக் குறையாது. அங்கே ஆட்சியில் இருந்தவர்களுக்கு ஒரு பள்ளத்தாக்கின் குறுக்கே அணை கட்ட ஆசை. பள்ளத்தாக்கில் ஏழு ஊர் இருந்தது. எல்லாம் தரிசு என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். இவர் போய் ஏழு ஊரையும் வீடு வீடாக, கிணறு கிணறாக அளந்து, ஆட்டுப்பட்டியைக்கூட விடாமல், மையால் எழுதிக்கொண்டு வந்தார். அவர்கள் அதைக் கிடப்பில் போட்டுவிட்டு, தங்களுக்கு வேண்டிய படத்தை அச்சடித்து அணையைத் தொடங்கினார்கள். அணை மூடிக்கொள்ளவில்லை. இரண்டு கரையிலிருந்தும் கட்டிக்கொண்டு வந்த சுவர்கள் நடுவில் சேரவே இல்லை. இந்தப் பக்கம் பத்தடி கட்டினால் பள்ளத்தாக்கு பத்தடி அகலமானது. என்ஜினீயர்கள் மூன்று பேர் மாறினார்கள். நான்காமவர்தான், அந்த ஆளின் புத்தகம் இருக்கிறவரைக்கும் இது மூடாது என்று உண்மையைச் சொன்னார். அதற்குள் சர்வேயரும் அவர் மனைவியும் எல்லையைத் தாண்டியிருந்தார்கள். புத்தகம் அந்த அம்மாளின் இடுப்பில் இருந்தது. சோதனைச் சாவடியில் அவளை மட்டும் யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. அவள் அப்போது போட்ட சத்தத்தைக் கேட்டிருந்தால் நீங்களும் தொட்டிருக்க மாட்டீர்கள்.

அவர்கள் பின்னாலேயே அந்த நாட்டின் வேவுத் துறை ஓர் ஆளை அனுப்பியது. இருபத்தாறு வயது, கல்யாணமாகி ஒரு வருஷம், புறப்பட்ட மாதம்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. வேலை சின்னது: சர்வேயர் எங்கே போகிறார், யார் வருகிறார்கள், புத்தகம் எங்கே இருக்கிறது என்று மாதம் ஓர் அறிக்கை. வேவுப் பள்ளிக்கூடத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த தூரம் நூறடி. கிட்டே போனால் முகம் பழகிவிடும், தள்ளிப் போனால் ஆள் தவறிவிடும். அடி பிசகாமல் நடக்க ஆறு மாதம் கயிறு கட்டிப் பழக்கியிருந்தார்கள். தவறு அங்கேதான் நடந்தது. நிலம் அளக்கிறவர்களின் சங்கிலி நூறடி நீளம். முன் முனையை ஒருவர் பிடித்து நடப்பார், பின் முனையோடு ஒருவர் வருவார். முன்னவர் நின்றால் பின்னவர் நிற்பார். இருபது வருஷம் சர்வேயர் எப்போது திரும்பிப் பார்த்தாலும் நூறடிக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்திருக்கிறார். புது நகரத்துக்கு வந்த இரண்டாவது வாரம், பல்பு வாங்கப் போகிற வழியில் சும்மா திரும்பிப் பார்த்தார். நூறடியில் ஓர் ஆள், இவர் நின்றதும் நின்றார். கை தானாகப் பைக்குள் போனது. புத்தகத்தை எடுத்து, "பின் ஆள், ஒரு சங்கிலி" என்று மையால் எழுதி, ஊதிக் காயவைத்து, மேலே நடந்தார். அடுத்த முனை திரும்பும்போதுதான் கையில் சங்கிலி இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

அவர்கள் தொழிலில் நகர்கிற எதையும் மையால் எழுதக் கூடாது. மாடு, வண்டி, மனிதர் எல்லாம் பென்சில்தான். வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி தலையில் கை வைத்தாள்.

"ஆட்டுக்குட்டியைப் பென்சில்ல எழுதற மனுஷன், ஆளை மையில எழுதுவீங்களா?"

"பழக்க தோஷம். விடேன்."

"விடறதா? அடிச்சிடுங்க அதை."

அதுதான் முடியாது. மையில் எழுதியதை அடிக்க வேண்டுமானால் திரும்ப அளந்து, தப்பு என்று காட்ட வேண்டும். சர்வேயர் மறுநாள் காலை நல்ல பிள்ளையாகச் சங்கிலியோடு புறப்பட்டார். அந்த ஆளைப் பார்த்ததும் அவரை நோக்கி நடந்தார். எதிரில் நின்றவர் கால் அசையாமல் பின்னால் போனார், சோப்புத் தண்ணீர் ஊற்றிய தரையில் வழுக்குகிற மாதிரி, ஆனால் விழாமல், தொப்பி கலையாமல். ரொட்டிக் கடை வாசலில் சுவர் முதுகில் இடித்து அவர் நின்றபோது சர்வேயரும் நின்றார். அதற்கு மேல் ஒரு விரல்கூட அவரால் எடுத்துவைக்க முடியவில்லை. காற்றில் ஒரு கதவு சாத்தியிருக்கிற மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார். ரொட்டிக் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி அளந்தார். நூறு. புத்தகத்தில் தப்பில்லை. அடிக்க இடமில்லை.

அன்றிலிருந்து வேவு பார்க்க வந்தவருக்கு வட்டாரத்தில் சங்கிலிக்காரர் என்று பெயர் வந்தது. முதல் ஆறு மாதம் இரண்டு பேருமே திணறினார்கள். சர்வேயர் படுக்கையில் புரண்டு படுத்தால், சைக்கிள் கடை மாடியில் வாடகைக்கு இருந்த சங்கிலிக்காரர் கட்டிலோடு சுவரில் போய் முட்டினார். மறுநாள் ஜன்னலிலிருந்து நெற்றி வீக்கத்தைக் காட்டுவார். சர்வேயர் காதைத் தொட்டு மன்னிப்புக் கேட்பார். நூறடிக்கு அப்பால் பேசினால் தெருவுக்கே கேட்கும் என்பதால் எல்லாம் கை ஜாடைதான். இவர் பஸ்ஸில் ஏறினால் அவர் பின்னால் வருகிற பஸ்ஸில் ஏற வேண்டும், இரண்டு டிரைவர்களும் அனுசரித்து ஓட்டுவார்கள். சங்கிலிக்காரருக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருந்த பூட்டுக் கடையில் சர்வேயர் ஆறு நாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பூட்டுக் கடைக்காரர் போரடிக்கிறதே என்று அவருக்குச் சாவி ராவக் கற்றுக்கொடுத்தார். குளிர் தாங்காமல் சங்கிலிக்காரர் கை தேய்ப்பதை மாடியிலிருந்து பார்த்துவிட்டு, சர்வேயரின் மனைவி பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு கம்பளி கொடுத்தனுப்பினாள். "நம்மைக் காட்டிக்கொடுக்க வந்தவனுக்கா?" என்று கணவர் கேட்டாராம். "அவன் நடுங்கினா உங்களுக்கும்தானே தூக்கம் போகுது" என்றாளாம்.

சங்கிலிக்காரர் நேர்மையானவர். நடந்ததை நடந்தபடியே அறிக்கையில் எழுதினார். முதல் அறிக்கையைப் படித்தவர்கள் குடித்திருக்கிறார் என்றார்கள். மூன்றாவதுக்குப் பிறகு ஒரு பரிசோதகரை அனுப்பினார்கள். அவர் இரண்டு நாள் அளந்துவிட்டு, உண்மை என்று ஒரு வரி எழுதினார். பிறகு அந்த விஷயம் கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சங்கிலிக்காரருக்கு வருஷத்துக்கு ஒரு புகைப்படம் வரும். மகள் தவழ்கிறாள், மகள் பல் முளைத்துச் சிரிக்கிறாள், மகள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். மூக்கு அப்படியே அவர் மூக்கு. வேலை முடிந்ததும் வீட்டுக்கு என்று ஒவ்வொரு படத்தின் பின்னாலும் எழுதியிருப்பார்கள். எந்த வேலை, எப்போது முடியும் என்று எழுத மாட்டார்கள்.

பதினோராவது வருஷம் எழுதினார்கள். எழுதியதோடு நிற்காமல் ஒரு மேலதிகாரியே வந்தார். அணை இன்னும் மூடவில்லை. புத்தகத்தை வெளிநாட்டு நீதிமன்றம் ஒன்றில் வைக்கப் போவதாகச் சர்வேயர் அறிவித்திருந்தார். மேலதிகாரி பழைய கோப்புகளைப் படிக்கிற மனிதர். மற்றவர்கள் சிரித்துவிட்டு மூடிய இடத்தில் அவர் பென்சிலும் தாளும் எடுத்துக் கணக்குப் போட்டிருந்தார். நகரத்தின் பெரிய தண்ணீர்த் தொட்டி தொண்ணூற்றாறு அடி உயரம். நகரசபை வேலையாகச் சர்வேயர் மாதம் ஒரு தடவை அதன் உச்சியில் ஏறிக் கருவி வைத்துப் பார்ப்பார். அவர் மேலே இருக்கும்போது சங்கிலிக்காரர் தொட்டியின் அடியிலிருந்து இருபத்தெட்டு அடி தள்ளி நிற்பார். நேர்க் கோட்டில் அப்போதும் நூறுதான். கீழே இருக்கிறவர் பின்னால் நடந்தால் மேலே இருக்கிறவர் என்ன ஆவார்?

"எட்டே எட்டு தப்படி," என்றார் மேலதிகாரி, சைக்கிள் கடை மாடியில் உட்கார்ந்து. "பின்பக்கமா நடக்கணும். யாரையும் தொட வேண்டாம். ஒண்ணும் செய்ய வேண்டாம். நடக்கறது ஒரு குத்தமா?"

சங்கிலிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சாயங்காலம் கப்பல். டிக்கெட் ரெண்டு எடுத்திருக்கேன், உனக்கும் எனக்கும். உன் பொண்ணு பாட்டுப் போட்டியில பரிசு வாங்கியிருக்காளாம். தெரியுமா உனக்கு?"

தெரியாது. மேலதிகாரி புதுப் படத்தை மேஜைமேல் வைத்தார். மகள் கையில் ஒரு கோப்பை இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு, நல்ல வெயிலில், சர்வேயர் தொட்டியின் ஏணியில் ஏறினார். மேலே போகப் போகச் சங்கிலிக்காரர் வழக்கம்போல் உள்பக்கம் இழுபட்டு, இருபத்தெட்டாம் அடியில் வந்து நின்றார். அந்த இடத்தில் புல் முளைப்பதில்லை. எதிர்முனையில் மேலதிகாரி கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்தார், அதுதான் அடையாளம். சங்கிலிக்காரர் ஒரு தப்படி பின்னால் வைத்தார். இதை மறைக்க முடியாது, பார்த்தவர்கள் பலர். மேலே சர்வேயர் கருவியோடு விளிம்புக்கு வந்துவிட்டார். கைப்பிடிக் கம்பி வளைந்தது. இரண்டாவது தப்படி வைத்தார். கம்பி விட்டுக்கொடுத்தது. சர்வேயர் கத்தவில்லை. கீழே பார்த்து, காதைத் தொட்டார். நான்தான் ஏதோ தப்பாக நகர்ந்துவிட்டேன், இவனுக்கு எங்கேயோ இடித்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

சங்கிலிக்காரர் மூன்றாவது தப்படியை முன்னால் வைத்தார். பிறகு நான்காவதை. பதின்மூன்று தப்படியில் தொட்டிக்கு நேர் அடியில் போய் நின்றுவிட்டார். மேலே சர்வேயர் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளப்பட்டு, தொட்டியின் மூடிக்கு மேல் நான்கடி உயர்ந்து, வெறும் காற்றில் நின்றார். காலுக்கும் மூடிக்கும் நடுவில் ஒன்றுமில்லை. தெரு முழுக்க ஒரே நேரத்தில் அமைதியானது. பஸ்கள் நின்றன. தபால்காரர் ஒரு வீட்டுக் கடிதத்தை நீட்டியபடியே நின்றார், வாங்க வேண்டியவரும் கை நீட்டியபடியே நின்றார். அன்றைக்கு வாயைத் திறந்தவர்கள் மூட மறந்ததாகச் சொல்கிறார்கள், அது மிகையாக இருக்கலாம்.

மேலதிகாரி ஓடிவந்து சட்டையைப் பிடிக்கப் போனார். சங்கிலிக்காரர் அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டார். ஓட முடியாது, ஓடினால் மேலே இருக்கிறவர் பின்தங்கிச் சரிந்துவிடுவார். திடீரென்று நிற்கவும் முடியாது. தலையில் நிறைகுடம் வைத்தவர் நடக்கிற நடை. இறக்கிவைக்க நூறடி உயரத்தில் தரை வேண்டும். நகரத்தின் வடக்கே பழைய கல்குவாரி ஒன்று உண்டு, செங்குத்தாக நூறடி வெட்டியது. அங்கே போக இரண்டு மைல். தொட்டிக் காவலர் போன் செய்து சொல்லி, சர்வேயரின் மனைவி கடைவீதி முனையில் குடையோடு வந்து சேர்ந்தாள். மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகச் சங்கிலிக்காரரின் பக்கத்தில் வந்தாள். அவளுக்கு என்ன, அவள் பெயர் புத்தகத்தில் இல்லையே.

"தம்பி, பதறாதே. காலைப் பார்த்து வை. வழியை நான் பார்த்துக்கறேன்."

"சரிங்கக்கா."

"கீழே பார்க்காதீங்க!" என்று கணவருக்குக் கத்தினாள்.

"கீழே பார்க்காம எதை அளக்கிறது?" என்று மேலிருந்து பதில் வந்தது. அவர் புத்தகத்தை எடுத்துவிட்டார். நகரத்தின் கூரைகளை அதுவரை யாரும் அங்கிருந்து பார்த்ததில்லை.

மேலதிகாரி இடப்பக்கம் கூடவே நடந்தார். தொட்டால் ஊரே சாட்சி, ஆகவே தொடவில்லை. காதருகில் பேசிக்கொண்டே வந்தார். ஒரே ஒரு அடி பக்கவாட்டில் வைத்தால் போதும் என்றார். கப்பல் நேரத்தைச் சொன்னார். மகள் பாடிய பாட்டின் முதல் வரியைச் சொன்னார். இனிமேல் படம் வராது என்றார், அவளுக்கு அப்பா செத்துப்போனார் என்று சொல்லிவிடுவோம் என்றார். சங்கிலிக்காரரின் முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, கால் மட்டும் பிசகவில்லை. அந்த அம்மாள் குடையை விரித்து இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்தாள். "பேசுங்க, பேசுங்க. குடை கேட்டுக்கும்" என்றாள். மணிக்கூண்டைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. போக்குவரத்துப் போலீஸ்காரர் இரண்டு கைகளாலும் வழிவிட்டுவிட்டு, யாரும் கேட்காமலே மேலே பார்த்து ஒரு சல்யூட் அடித்தார். கூட்டம் பின்னால் சேர்ந்துகொண்டே வந்தது. ஒருவரும் பேசவில்லை. பேசினால் காற்று அசையும், காற்று அசைந்தால் அவர் அசைவார் என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது.

குவாரியின் அடியில், பாறைச் சுவரில் தன் மூக்கு படுகிறவரைக்கும் சங்கிலிக்காரர் நடந்தார். மேலே சர்வேயரின் காலுக்குக் கல் கிடைத்தது. மூன்றடி உள்ளே தள்ளி உட்கார்ந்து, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், ஒரு டிக்கெட்டைக் கிழித்துப் போட்டார், துறைமுகம் எந்தப் பக்கம் என்று கூட்டத்தில் ஒருவரைக் கேட்டுக்கொண்டு போனார். சங்கிலிக்காரர் அன்று மாலை தன் கடைசி அறிக்கையை எழுதித் தபாலில் சேர்த்தார். இரண்டு வரி: "அவர் என் தலைக்கு நேர் மேலே இருந்தார். நான் விலகவில்லை."

அந்த வருஷம் படம் வரவில்லை. அதற்கு அடுத்த வருஷமும் வரவில்லை. தபால்காரர் கண்ணைப் பார்க்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகப் பழகினார். புத்தகம் நீதிமன்றத்தில் வைக்கப்பட்டு, பத்திரமாகத் திரும்பி வந்தது. அணையின் நடுவே உள்ள இடைவெளியில் இப்போது ஏழு ஊருக்கும் போகிற சாலை போட்டிருக்கிறார்கள் என்று கேள்வி. நகரசபை இருவரையும் சேர்த்தே வேலைக்கு வைத்துக்கொண்டது. கால் வைக்க முடியாத இடங்கள், சதுப்பு, கூரைகள், பழைய சாக்கடைகளின் போக்கு, எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்து எழுத ஓர் ஆள் கிடைத்தால் எந்த நகரசபை விடும்? தொட்டியில் ஏறி, கீழே அவர் வந்து நின்றதும், இவர் மூடியிலிருந்து காலெடுத்து வைப்பார். சாயங்காலம் குவாரியில் இறங்குவார். முதல் வருஷம் ஊர்க்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் வருஷம் வெளியூர் விருந்தாளிகள் மட்டும் பார்த்தார்கள். சர்வேயர் மேலிருந்து பேசுவார், சங்கிலிக்காரர் கீழிருந்து பதில் சொல்வார். இரண்டு பேருக்கும் தொண்டை பெரிதாகிவிட்டது. வீட்டுக்குள் பேசினாலும் கத்துகிறார் என்று அந்த அம்மாளுக்குக் குறை.

ஆனால் நடந்ததை அந்த நாட்டில் மறைக்க முடியவில்லை. அறிக்கையைக் கோப்பில் வைத்த குமாஸ்தா தன் மச்சானிடம் சொன்னார். மேலதிகாரியின் டிரைவர் தூக்கத்தில் சொன்னார். சொல்லிச் சொல்லி, செத்துப்போன அப்பாவுக்காக வருஷாவருஷம் விளக்கு வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் காதுக்கு அது போய்ச் சேர ஒன்பது வருஷம் ஆனது.

வடக்குத் தெருவில் எதிரெதிராக இரண்டு ஒன்பது மாடிக் குடியிருப்புகள் உண்டு. மொட்டை மாடிக்கு மொட்டை மாடி கயிறு கட்டித் துணி காயப்போடுவார்கள். சர்வேயர் வருகிற நாளில் பெண்கள் கயிற்றை இழுத்துத் துணியை எடுத்துக்கொள்வார்கள், அவர் போனதும் மறுபடி போடுவார்கள். அப்படி ஒரு நாள் முன்பகலில், தெரு நடுவில், சர்வேயர் தொலைநோக்கியைத் திருப்பி வைத்துக்கொண்டு கீழே குரல் கொடுத்தார்.

"தம்பி, கொஞ்சம் நில்லு."

"என்ன சார், கம்பி ஏதாவது இடிக்குதா?"

"பின்னால ஒரு பொண்ணு வருது. கையில பெட்டி. தரையைப் பார்க்காம என்னையே பார்த்துக்கிட்டு வருது, ரெண்டு தடவை தடுக்கி விழுந்துடுச்சு."

"வெளியூரா இருக்கும் சார்."

"வெளியூர்தான்," என்றார் சர்வேயர். கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுக்கவில்லை. "மூக்கு உன்னுது."

சங்கிலிக்காரர் திரும்பவில்லை. திரும்பினால் கால் பிசகுமோ என்று பயந்தார். காலடிச் சத்தம் நெருங்கி வந்து, முதுகுக்குப் பின்னால் ஓரடியில் நின்றது. பெட்டியைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. "அப்பா, நீங்க ஆடாம நில்லுங்க. நான் முன்பக்கம் வர்றேன்" என்றது ஒரு குரல்.

மேலே மாடிப் பெண்கள் ஈரத்துணியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கால் மணி ஆனது. அரை மணி ஆனது. சர்வேயர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். இவர் இப்போதைக்கு நகர மாட்டார் என்று தெரிந்ததும், ஒரு பெண் கயிற்றை மெல்ல இழுத்துவிட்டு, அவருடைய இடப்பக்கம் ஒரு போர்வையும் வலப்பக்கம் இரண்டு சட்டைகளும் காயப்போட்டாள்.